மைதானம் சும்மாதானே கிடக்கிறது? பல்நோக்கு விளையாட்டரங்கத்தின் உள்வேலை

ஒரு பெரிய ஸ்டேடியத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துவிடும். "வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தானே கிடக்கிறது? கிரிக்கெட், கால்பந்து, கச்சேரி எல்லாவற்றையும் அங்கேயே வைக்க வேண்டியதுதானே?" என்பது ஒன்று. "எல்லாவற்றுக்கும் என்று கட்டினால் எதற்குமே உருப்படாது" என்பது இன்னொன்று. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேச்சுமே மைதானத்தை ஒரு காலி இடமாக நினைத்துக்கொள்கின்றன. அந்த இடத்துக்குள் நீளமும் அகலமும் சரிவும் ஏற்கெனவே எதற்கோ அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அளவுகள் புரிந்துவிட்டால் எது எதனோடு ஒத்துப்போகும், எது போகாது என்பதை நாமே கணித்துவிடலாம்.

சோஃபா கம் பெட்

பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் ஒரே சாமான். இடம் மிச்சம், பணம் மிச்சம். ஆனால் தினமும் இரண்டு முறை அதை விரித்து மடிக்க வேண்டும். மடிக்கும் கீல் பழுதானால் இரண்டு பயனும் போய்விடும். அதோடு, நல்ல சோஃபாவின் ஆழமும் நல்ல கட்டிலின் நீளமும் ஒன்றல்ல என்பதால் தயாரிப்பவர் எங்காவது ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

பல்நோக்கு விளையாட்டரங்கமும் இப்படித்தான். ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகளையோ, விளையாட்டோடு கச்சேரி, மாநாடு போன்ற நிகழ்ச்சிகளையோ நடத்தும்படி முதலிலேயே திட்டமிட்டுக் கட்டிய அரங்கத்துக்குத்தான் அந்தப் பெயர். நுழைவாயில், கழிப்பறை, விளக்குக் கோபுரம், வண்டி நிறுத்துமிடம் இவற்றை எல்லா நிகழ்ச்சிகளும் பங்கு போட்டுக்கொள்ளலாம், சிக்கல் இல்லை. பங்கு போட முடியாதவை இரண்டு: தரையும், அதைப் பார்க்கும் கோணமும். சண்டை எல்லாம் அங்கேதான்.

ஓடுபாதைக்குள் கால்பந்து: ஒரு சின்னக் கணக்கு

உலகில் அதிகம் காணப்படும் ஜோடி இதுதான். நடுவில் கால்பந்துத் திடல், சுற்றி 400 மீட்டர் தடகள ஓடுபாதை. பார்க்க அழகாகப் பொருந்தியிருக்கும். உண்மையிலேயே பொருந்துகிறதா? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சர்வதேசத் தர ஓடுபாதையில் இரண்டு நேர்ப்பகுதிகள், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரண்டு அரைவட்ட வளைவுகள், உள்விளிம்பின் ஆரம் 36.5 மீட்டர். ஆக, ஓடுபாதைக்குள்ளே கிடைக்கும் இடம் அதிகபட்ச நீளம் 157 மீட்டர், அகலம் 73 மீட்டர். சர்வதேசக் கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர்.

அகலத்தில் பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் மிஞ்சும். திடலின் நான்கு மூலைகள் வளைவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் கார்னர் கொடிக்கும் ஓடுபாதைக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு மீட்டர்தான். கார்னர் அடிக்க ஓடி வருபவர் ஓடுபாதையிலிருந்துதான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் கதை தலைகீழ். அங்கே 26 மீட்டர் வெற்றிடம். அதையடுத்து 1.22 மீட்டர் அகலத்தில் எட்டு ஓட்டப் பாதைகள், கிட்டத்தட்ட 10 மீட்டர். அதற்குப் பிறகுதான் கேலரியின் முதல் வரிசையே வர முடியும். அதாவது கோலுக்குப் பின்னால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கோல்கோட்டுக்கும் 36 மீட்டருக்குக் குறையாத தூரம். பெனால்டி பகுதியின் ஆழம் 16.5 மீட்டர்; அப்படி இரண்டை அடுக்கினாலும் அந்தத் தூரத்தை எட்டாது. பாட்டும் கூச்சலுமாக ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கும் ரசிகர்கள் பெரும்பாலும் உட்காருவது அந்தப் பகுதியில்தான். ஓடுபாதை உள்ள மைதானத்தில் "அந்தச் சூடு இல்லை" என்று கால்பந்து ரசிகர்கள் குறைப்பட்டால், அது வெறும் மனப்பிரமை இல்லை. அளந்து காட்டக்கூடிய தூரம் அது.

கிரிக்கெட்டை இந்த ஓடுபாதைக்குள் வைக்கவே முடியாது. ஆடுகளத்தின் மையத்திலிருந்து எல்லைக்கோடு குறைந்தது 65 கஜம், அதாவது 59 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இரண்டு பக்கமும் சேர்த்தால் 118 மீட்டருக்கு மேல். நம்மிடம் இருப்பதோ 73.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: ஒவ்வொரு விளையாட்டின் தரைக்கும் ஒரு வடிவம் உண்டு. கால்பந்து, ரக்பி இரண்டும் செவ்வகம் என்பதால் சுலபமாக ஒத்துப்போகும். கிரிக்கெட்டும் ஆஸ்திரேலியக் கால்பந்தும் நீள்வட்டம்; அவையும் ஒத்துப்போகும். செவ்வகமும் வட்டமும் ஒரே கூரைக்கு அடியில் வந்தால் யாரோ ஒருவர் தள்ளி உட்கார வேண்டும்.

முன்னால் இருப்பவரின் தலை

கேலரியின் சரிவு எப்படி முடிவாகிறது தெரியுமா? உங்கள் கண்ணிலிருந்து திடலின் அருகிலுள்ள விளிம்பு வரை ஒரு நூல் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் பார்வைக்கோடு என்கிறோம். அந்த நூல், முன்வரிசையில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலே போகிறது என்பதை வடிவமைப்பாளர்கள் மில்லிமீட்டரில் கணக்கிடுவார்கள். 90 மில்லிமீட்டர் என்றால் நல்ல பார்வை. 60 என்றால் தலையை லேசாகச் சாய்த்துச் சமாளிக்கலாம்.

திடலின் விளிம்பு இடம் மாறினால் இந்தக் கணக்கு மொத்தமும் மாறும். விளிம்பு பார்வையாளருக்குப் பக்கத்தில் வந்தால் அதே சரிவில் முன்னிருப்பவரின் தலை மறைக்கும். தூரப் போனால் மறைக்காது, ஆனால் பந்து புள்ளியாகிவிடும்.

1968 ஜனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டனில், கூரை மூடிய பெரிய பல்நோக்கு அரங்கமான ஆஸ்ட்ரோடோமில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. வந்தவர்கள் 52,693 பேர். சுமார் 29 மீட்டர் நீளமுள்ள ஆடுதளத்தைப் பெரிய மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். சுற்றிலும் பரந்த வெறுந்தரை, அதற்கு அப்பால்தான் இருக்கைகள். அவ்வளவு கூட்டம் வந்தது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனாலும் கூடைப்பந்துக்கென்று அளந்து கட்டிய உள்ளரங்கத்தில் முன்வரிசைக்காரர் ஷூ கிறீச்சிடும் சத்தத்தையே கேட்பார். இங்கே யாருக்கும் அது கிடைத்திருக்காது.

மாற்றும் வழிகள்

சரி, இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள்? அறுபது ஆண்டுகளாகப் பலவிதமாக முயன்றிருக்கிறார்கள்.

இருக்கைகளை நகர்த்துவது ஒரு வழி. பாரிஸ் அருகே 1998இல் திறக்கப்பட்ட ஸ்டாட் டி பிரான்ஸில் கீழ்த்தட்டு கேலரி 15 மீட்டர் பின்னால் நகரும். நகர்ந்ததும் அடியிலிருந்து ஓடுபாதை வெளிப்படும். அந்த ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தைக் கண்ட அதே தரையைச் சுற்றித்தான் 2024 ஒலிம்பிக்கின் தடகளப் போட்டிகள் நடந்தன. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான இருக்கைகளைத் தாங்கும் கான்கிரீட்டையும் இரும்பையும் நகர்த்துவது பெரும் வேலை. லண்டனின் 2012 ஒலிம்பிக் அரங்கத்தை வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்ற கால்பந்துக் கிளப்புக்குத் தகுந்தபடி மாற்றியபோது, இருக்கைகளை நகர்த்தும் செலவு முதலில் போட்ட மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டிப் பெரிய சர்ச்சையானது.

தரையையே நகர்த்துவது இன்னொரு வழி. எனக்கு மிகவும் பிடித்தது இது. ஜப்பானின் சப்போரோ டோம் 2001இல் திறக்கப்பட்டது. பேஸ்பால் கூரைக்கு அடியில், செயற்கைத் தரையில். கால்பந்துக்கான நிஜப் புல்தரை வெளியே வெயிலில் வளரும். ஆட்டத்துக்கு முன் அந்த 8,300 டன் தரைக்கு அடியில் காற்றை அழுத்தி, அதன் பாரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, சக்கரங்களில் மெதுவாக உள்ளே உருட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு முழுத் திடல், வேரும் மண்ணுமாக, கட்டடத்துக்குள் நுழைகிறது! ஜெர்மனியின் கெல்சென்கிர்ஹென், அமெரிக்காவின் கிளென்டேல் அரங்கங்களிலும் தரை இப்படி வெளியே போய் வெயில் காய்ந்துவிட்டு வரும். லண்டனில் 2019இல் திறந்த டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் மைதானத்தில் புல்தரை நீளவாக்கில் மூன்றாகப் பிரிந்து கேலரிக்கு அடியில் சென்றுவிடும். கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை தயாராக இருக்கும். அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

மூன்றாவது வழி கிரிக்கெட்டுக்கே உரியது. கிரிக்கெட்டில் முழு மைதானமும் பிரச்சினை இல்லை. நடுவில் இருக்கும் 22 கஜம்தான் பிரச்சினை. ரோலர் ஓட்டி ஓட்டிக் கல் மாதிரி இறுக்கிய களிமண் அது. அதில் கால்பந்து ஆடினால் பந்து தாறுமாறாக எழும்பும், விழுந்தவருக்கு அடிபடும், ஷூவின் முட்கள் பிட்சைக் கிழித்துவிடும். 2018இல் கொச்சியில் இதுவே பெரிய விவாதமானது. முந்தைய ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்துக்காகச் சீரமைத்த தரை. அதில் கிரிக்கெட் பிட்ச் போடத் தோண்டக் கூடாது என்று கால்பந்து ரசிகர்கள் குரல் எழுப்பினார்கள். கடைசியில் அங்கே நடக்கவிருந்த ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் திருவனந்தபுரத்துக்குப் போனது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'டிராப்-இன் பிட்ச்'. வேறோர் இடத்தில் பெரிய இரும்புத் தட்டில் களிமண் கொட்டி, புல் வளர்த்து, உருட்டி இறுக்கி, தேவைப்படும்போது அப்படியே தூக்கி வந்து மைதானத்தின் நடுவில் இறக்கும் பிட்ச். 2024 டி20 உலகக் கோப்பைக்காக நியூயார்க் அருகே அமைத்த தற்காலிக மைதானத்துக்கான பிட்சுகள் புளோரிடாவில் வளர்ந்து, லாரிகளில் ஏறி வந்தன.

ஒரே ஒரு முறை மட்டும் மாறிக்கொள்ளும் அரங்கங்களும் உண்டு. மான்செஸ்டரில் 2002 காமன்வெல்த் போட்டிகள் முடிந்ததும் ஓடுபாதையை அகற்றி, தரையைத் தோண்டித் தாழ்த்தி, கீழே புதிதாக ஒரு கேலரி அடுக்கு சேர்த்தார்கள். மறு ஆண்டே மான்செஸ்டர் சிட்டி அங்கே குடிவந்தது. தினம் விரித்து மடிக்கும் தொல்லை இல்லை; ஓடுபாதையும் இல்லை.

புல் என்கிற உயிர்

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் ஒரு உயிருள்ள பொருள் இருக்கிறது, அது புல். கட்டடக் கலைஞர்கள் அதை மறந்த கதையும் ஆஸ்ட்ரோடோமிலேயே நடந்தது. 1965இல் திறந்தபோது அதன் கூரை ஒளி ஊடுருவும் பலகைகளால் ஆனது, உள்ளே நிஜப் புல். ஆனால் உயரே எழும்பிய பந்து கூரையின் கண்கூச்சத்தில் தெரியவில்லை என்று பேஸ்பால் ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, வெளிச்சம் இல்லாமல் புல் செத்தது. அடுத்த ஆண்டு செயற்கைப் புல்லை விரித்தார்கள். அந்த அரங்கத்தின் பெயரிலிருந்தே அதற்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் வந்தது.

இன்றைய பெரிய மைதானங்கள் பலவற்றில் இருப்பது கலப்புப் புல். நிஜப் புல்லின் நடுவே செயற்கை இழைகளைத் தையல் போட்டதுபோல் மண்ணுக்குள் ஆழமாக இறக்கியிருப்பார்கள். தரையில் அவற்றின் பங்கு ஐந்து சதவீதம் அளவுதான். நிஜ வேர்கள் அவற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் தரை சீக்கிரம் பெயராது.

கச்சேரிக்கு முன் இந்தப் புல்லின்மேல் பிளாஸ்டிக் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து மூடுவார்கள். நிகழ்ச்சி முடிந்து அவற்றைத் தூக்கும்போது பார்க்க வேண்டும். அடியில் ஈரப்புழுக்கம். புல் ஒரே திசையில் படிந்து, வெளிறி, பலகையின் வரிகள் அதில் அச்சாகப் பதிந்திருக்கும். மேடை நின்ற இடத்தில் மஞ்சள் செவ்வகம். தரைப் பராமரிப்பாளர்கள் கம்பி முனைகளால் மண்ணைக் குத்திக் காற்றோட்டம் தருவார்கள், புல்லைச் சீவி நிமிர்த்துவார்கள், சக்கர வண்டிகளில் பொருத்திய விளக்குகளை ராத்திரி முழுக்க மேலே எரிய விடுவார்கள். நாள் கூடிப்போனால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் புல் பாளங்களைப் பதிப்பார்கள். மைதானம் 'சும்மா கிடக்கிறது' என்று நாம் நினைக்கும் நாட்களில் பல இந்தச் சிகிச்சை நடக்கும் நாட்கள்.

அப்புறம், புல்லை ஒளித்து வைக்கும் வழியும் வந்துவிட்டது. மாட்ரிட்டின் பெர்னபியூ கால்பந்து மைதானத்தில் புல்தரை நீளமான துண்டுகளாகப் பிரிந்து நிலத்தடி அறைக்குள் இறங்கிவிடும். அங்கேயே விளக்கு, நீர், காற்று எல்லாம் கிடைக்கும்.

குதிக்கும் கூட்டம்

கச்சேரியையும் விளையாட்டையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. இரண்டுக்கும் கூட்டம் வருகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் நடந்துகொள்ளும் விதம் வேறு. கோல் விழுந்தால் எல்லோரும் எழுவார்கள், ஆனால் ஆளுக்கொரு நொடியில். கச்சேரியில் தாளம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நொடியில் குதித்து ஒரே நொடியில் தரையைத் தொடுவார்கள், நொடிக்குச் சுமார் இரண்டு முறை.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் மெதுவாகத் தள்ளினாலே போதும், ஒவ்வொரு தள்ளுக்கும் வீச்சு கூடிக்கொண்டே போகும். ஒரு பொருளின் இயல்பான அசைவு வேகமும் வெளியிலிருந்து வரும் தள்ளலின் வேகமும் ஒத்துப்போய் அசைவு பெருகுவதை ஒத்ததிர்வு என்பார்கள். கேலரிக்கும் மண்ணுக்கும்கூட இயல்பான அசைவு வேகம் உண்டு.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து உல்லெவி அரங்கம் 1958 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டது. அடியில் களிமண் பூமி. 1985 ஜூனில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரி. திடலில் நின்ற கூட்டம் தாளத்துக்குக் குதிக்கக் குதிக்கக் களிமண் அதிர்ந்தது. அந்த அதிர்வு அடித்தளம் வழியாகக் கட்டடத்துக்கு ஏறிச் சேதப்படுத்தியது. பிறகு பெரும் செலவில் அடித்தளத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. கால்பந்து ரசிகர்களை கால் நூற்றாண்டுக்கு மேல் தாங்கிய கட்டடம் அது. அதன் பலத்தில் குறை இல்லை. அது கணக்கிட்டிருந்த கூட்டம் வேறு மாதிரியானது, அவ்வளவுதான்.

"இங்கே எத்தனை பேர் உட்காரலாம்?"

இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொன்னால் அது அரைகுறைப் பதில். கச்சேரியில் மேடைக்குப் பின்னால் இருக்கும் கேலரி விற்பனைக்கே வராது. அதற்குப் பதில் திடலில் ஆட்கள் நிற்பார்கள். தடகளத்துக்காகக் கீழ்த்தட்டு பின்வாங்கினால் இருக்கைகள் குறையும். ஆக, ஒரே அரங்கத்துக்கு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வேறு கொள்ளளவு.

அதைத் தீர்மானிப்பது இருக்கை எண்ணிக்கை மட்டுமல்ல, வெளியேறும் வேகமும்தான். பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி, பார்வையாளர் எல்லோரும் எட்டு நிமிடத்துக்குள் தங்கள் பகுதியை விட்டுத் தடையின்றி நடந்துசெல்லும் வழியை அடைந்துவிட வேண்டும் என்கிறது. வாசல் அதற்குப் போதவில்லை என்றால் இடம் காலியாக இருந்தாலும் டிக்கெட் விற்கக் கூடாது. கச்சேரியன்று திடலில் நிற்பவர்களுக்குத் தனி வழி வேண்டும். ஆட்டக்காரர்கள் வரும் சுரங்க வழி அதற்குப் போதாது. ரோமின் கொலோசியத்தில் தரைத்தளத்தில் 80 வளைவு வாசல்கள், பெரும்பாலானவற்றுக்கு மேலே எண் பொறித்திருக்கும். வந்தவர் தன் எண்ணைப் பார்த்து நுழைந்து அதே வழியில் வெளியேறினார். கி.பி. 80இல் யோசித்துவிட்டார்கள்.

இரண்டாவது சுருக்கம்: வடிவம், பார்வை, புல், அதிர்வு, வெளியேறும் வழி. ஒரு நிகழ்ச்சியை ஓர் அரங்கத்துக்குள் கொண்டுவரலாமா என்று கேட்டால் இந்த ஐந்தையும் பார்க்க வேண்டும். தரை காலியாக இருக்கிறதா என்பது அதற்கெல்லாம் பிறகு வரும் கேள்வி.

எங்கே தோற்றது, எங்கே நிற்கிறது

அமெரிக்காவில் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் சேர்த்து வட்டமான கான்கிரீட் அரங்கங்களை வரிசையாகக் கட்டினார்கள். ஒன்று விசிறி வடிவம், மற்றது செவ்வகம். இரண்டையும் ஒரு வட்டத்துக்குள் அடக்கியதில் இரண்டு ரசிகர்களுமே தள்ளி உட்கார்ந்தார்கள். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ் நகரங்களின் அரங்கங்கள் 2001க்கும் 2005க்கும் இடையே ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. அங்கெல்லாம் பேஸ்பாலுக்கு ஒன்று, கால்பந்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்டிக்கொண்டார்கள். சப்போரோவின் பேஸ்பால் அணியும் 2023இல் தனக்கென்று கட்டிய மைதானத்துக்குப் போய்விட்டது. தரை மிதந்து வரும் அதிசயம் இருந்தும், பேஸ்பாலுக்கு அது சொந்த வீடாக இருக்கவில்லை.

ஆனால் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் 1853லிருந்து நிற்கிறது. 1956 ஒலிம்பிக், 2006 காமன்வெல்த் போட்டி, கச்சேரிகள் எல்லாம் பார்த்துவிட்டது. இன்று லட்சம் பேர் கொள்ளும். அங்கே குடியிருக்கும் கிரிக்கெட், ஆஸ்திரேலியக் கால்பந்து இரண்டும் நீள்வட்டம். ஒன்றுக்குக் கோடைக்காலம், மற்றதற்குக் குளிர்காலம். அதனால் மாற்றம் வாரத்துக்கு ஒரு முறை இல்லை, பருவத்துக்கு ஒரு முறை. செப்டம்பர் கடைசி சனிக்கிழமையில் வழக்கமாக ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நடக்கும். அது முடிந்ததும் இரு முனைகளிலும் இருக்கும் நான்கு நான்கு கோல் கம்பங்களைக் கழற்றுவார்கள். நடுவே புல்லை நீள்சதுரமாக வெட்டி எடுப்பார்கள். குளிர்காலம் முழுக்க வேறிடத்தில் உருட்டித் தயாரித்த களிமண் பிட்சுகள் பெரிய வண்டியில் ஊர்ந்து வந்து அந்தப் பள்ளங்களில் இறங்கும். விளிம்பில் மண் போட்டு மட்டம் பார்ப்பார்கள். கோடைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். ரோலர் ஓடத் தொடங்கிவிடும்.